நெஞ்சுக்குப் போட்ட ஊசியும் சங்கு குளிக்கிற சூசையும்

ஸ்டெரிலைசர்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். அதன் நெஞ்சு நோய்ப் பிரிவு கடலைப் பார்த்து நீளமாகக் கிடந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஒரு பக்கம் உப்பளம், மறு பக்கம் திரேஸ்புரம் கரை. காலையில் ஜன்னலைத் திறந்தால் இரண்டு வெள்ளையும் உள்ளே வந்துவிடும், உப்பின் வெள்ளையும் தண்ணீரின் வெள்ளையும். அந்த வெளிச்சத்தில் ஸ்டெரிலைசரைப் பற்றவைத்து ஊசி வேகவைப்பதுதான் என் முதல் வேலை.

இப்போது ஒரு தடவை போட்டதும் தூக்கி எறிகிற ஊசி. அப்போது அப்படி இல்லை. கண்ணாடி சிரிஞ்ச், இரும்பு ஊசி. முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். தண்ணீர் கொதித்து வரும்போது சிரிஞ்சுகள் ஒன்றோடொன்று மெதுவாக இடித்துக்கொள்ளும். தூரத்தில் கோயில் மணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆவி எழும்பி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துப் போகும். நான் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். என் கையில் வெந்த ஊசி போட்ட இடம் யாருக்கும் சீழ் பிடித்தது கிடையாது. மூன்றாவது வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் இதை யார் முன்னாலும் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

ஊசி வேகவைப்பது, சளி பிடிக்கிற டப்பாவைக் கொடுத்து வாங்குவது, மாத்திரை விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பது, பேர் கூப்பிடுவது. இதெல்லாம் என் பொறுப்பு. எழுபத்திரண்டோ எழுபத்து மூன்றோ இருக்கும், சூசை என்கிற ஆளின் பேரைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

சூசை

திரேஸ்புரத்துக்காரர். சங்கு குளிக்கிறவர். சின்ன வயதில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பிலும் இறங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு முத்துப் படுகை திறக்கவே இல்லை, சங்குதான். மார்பு அகலமான மனுசன். முதல் தடவை வந்தபோது அந்த மார்பு பட்டினி கிடந்த மாட்டின் விலா மாதிரித் தெரிந்தது. துண்டில் ரத்தம் துப்பி மடித்து வைத்திருந்தார்.

சளியைப் பார்த்ததில் காசம், பாசிட்டிவ். எக்ஸ்ரேயில் இடது பக்கம் ஓட்டை. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, ஐ.என்.ஹெச். மாத்திரை, பி.ஏ.எஸ். என்கிற கசப்பு மருந்து என்று எழுதினார் டாக்டர். ஸ்ட்ரெப்டோமைசினை நாங்கள் எஸ்.எம். என்போம். வெள்ளைப் பொடி, சின்ன பாட்டில். டிஸ்டில்ட் வாட்டரை விட்டுக் குலுக்கினால் அந்தி நேரத்துக் கடல் மாதிரிக் கொஞ்ச நேரம் கலங்கிவிட்டுத் தெளியும்.

டாக்டர் சாத்தான்குளத்துப் பக்கம். வாத்தியார் வீட்டுப் பிள்ளை, சின்ன வயது. செம்மண் மேடான தேரிக்காட்டில் வளர்ந்தவர், கடலை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நல்ல டாக்டர். எஸ்.எம். போடுகிற ஒவ்வொருவரிடமும் ஊசிக்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்காமல் விடமாட்டார். அந்த மருந்து சில பேருக்குக் காதைக் கெடுக்கும் என்று படித்திருந்தார்.

"சூசை, தலை சுத்துதா?"

"இல்ல சார்."

"காதுல இரைச்சல் உண்டா?"

"அது கெடக்கு சார். குளிக்க எறங்குன நாள்ல இருந்து காதுக்குள்ள கடல் எரைஞ்சிட்டேதான் இருக்கு. அது எங்க ஆளுக எல்லாருக்கும் உள்ளது."

டாக்டர் என்னைப் பார்ப்பார். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். எங்கள் அப்பாவும் தோணிக்காரர். காது இரையாத கடல்காரரை நான் கண்டதே இல்லை. ஆழத்துக்குப் போகிறவனுக்குக் காது அடைக்கும், வலிக்கும், சிலருக்கு உடையும். அதோடுதான் வாழ்வார்கள்.

"பாட்டில்ல உள்ளது மருந்தா, இல்ல மிளகாயா மைனி? இப்படி எரியுது" என்று என்னிடம் கேட்பார் சூசை.

"முரல் மீன் குத்துனாத் தாங்குவிய. இது வலிக்கோ?"

"முரல் மீன் முன்னால வந்து குத்தும். நீங்க பின்னால நின்னுல்லா குத்துதிய."

வரிசையே சிரிக்கும். இருமலும் சிரிப்பும் சேர்ந்து வராந்தா முழுவதும் போகும்.

டெஸ்ட்

வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற பி.ஏ.எஸ். உண்மையாகவே உள்ளே போகிறதா என்று மூத்திரத்தில் பார்க்கிற டெஸ்ட் ஒன்று இருந்தது. வாய் கசக்கும், வயிற்றைப் புரட்டும் என்று பாதிப்பேர் அதைச் சாக்கடையில் கொட்டிவிடுவார்கள். கண்ணாடிக் குழாயில் மூத்திரத்தை எடுத்து லேப்காரர் ஒரு மருந்தைச் சொட்டுவிடுவார். மருந்து சாப்பிட்டிருந்தால் கருஞ்சிவப்பு ஓடும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். அந்தக் குழாய்களை ஜன்னலோரம் வரிசையாக நிறுத்தி வெயில் படும்போது பார்த்தால் மாதா கோயில் கண்ணாடி மாதிரி இருக்கும். மூத்திரம் என்பதே மறந்துபோகும்.

சூசையின் குழாய் ஒருநாளும் வெளுத்து நின்றதில்லை. ஒரு ஊசியைக்கூட அவர் விட்டதில்லை. இருமல் குறைந்தது. மார்பில் சதை ஏறியது. கச்சான் என்கிற மேல்காற்று அடங்குகிற நேரத்தில் ஸ்பூட்டம், அதாவது சளி டெஸ்ட், ரிசல்ட் வந்தது. நெகட்டிவ். அடுத்த தடவையும் நெகட்டிவ். டாக்டர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரிச் சிரித்தார்.

"சூசை, நெஞ்சு சுத்தமாகிட்டே வருது. இன்னும் கொஞ்சம் ஊசிதான். மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க."

"அப்ப சங்குக்கு எறங்கலாமா சார்?"

"பாரம் தூக்காம, மெதுவா…"

"தண்ணில ஏது சார் பாரம்?"

எல்லாருக்கும் சந்தோஷம். சங்குக்குப் போகிற ஒரு வள்ளத்தில், அதாவது படகில், பேர் கொடுத்துவிட்டார் சூசை. திங்கட்கிழமை இறங்குவதாகப் பேச்சு.

சுவரைப் பிடித்த மனுசன்

அந்த வெள்ளிக்கிழமை சூசையோடு அவர் பெண்சாதி ரோசம்மாளும் வந்திருந்தாள். அவர் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே வந்து, நான் சிரிஞ்சுகளைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். வாய் ஓயாதவள்.

"மைனி, ஒங்க ஊசி எங்க வீட்டாளை என்ன பண்ணிட்டுன்னு தெரியுமா? மூஞ்சில சோப்புப் போட்டா சுவத்தைக் கட்டிப்பிடிக்காரு."

"என்னளா சொல்லுத?"

"சத்தியமா மைனி. கெணத்தடில ஒரு கை சோப்பு, ஒரு கை சுவரு. கைய விட்டாருன்னா பொத்துன்னு உக்காந்திருவாரு. என்னைக் கல்யாணம் முடிச்ச அன்னைக்குக்கூட இப்படி இறுக்கிப் பிடிச்சதில்ல. பூசையில கண்ணை மூடிச் செபம் சொல்லும்போதும் முன்னால உள்ள பெஞ்சைப் பிடிச்சிக்கிடுதாரு. என்ன பக்தின்னு கோயில் உபதேசியாருக்கே ஆச்சரியம்."

நானும் சிரித்தேன். சிரிக்கிற மாதிரித்தானே சொன்னாள்.

திரைக்கு அந்தப் பக்கம் யாருக்கோ நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் எழுந்து வந்தார். காதிலிருந்து குழலை எடுக்கக்கூட இல்லை.

"கண்ணை மூடினா விழுதாரா? திறந்திருந்தா?"

"தெறந்திருந்தா நல்லாத்தான் நடக்காரு சார். கொஞ்சம் ஆடி ஆடி நடப்பாரு. அது கடலுக்குப் போற ஆளு எல்லாரும் அப்படித்தான நடப்பாக."

டாக்டர் வராந்தாவுக்குப் போனார். பின்னாலேயே நாங்களும் போனோம். சூசையை எழுப்பி நிறுத்தி இரண்டு காலையும் ஒட்டி வைக்கச் சொன்னார். கையைப் பக்கத்தில் தொங்கவிடச் சொன்னார். சூசை சிரித்துக்கொண்டே நின்றார்.

"இப்ப கண்ணை மூடுங்க."

மூடினார். பாய்மரம் இறக்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தார். கையை ஊன்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அவருக்கு. நானும் டாக்டரும் பிடித்தோம். கண்ணைத் திறந்து, நான் ஏன் அவரைப் பிடித்திருக்கிறேன் என்று என்னையே பார்த்தார்.

"தலை சுத்துச்சா?" என்றார் டாக்டர். குரல் மாறியிருந்தது.

"இல்லயே சார். தரை கொஞ்சம் ஆடுச்சி. அவ்வளவுதான்."

"தரை ஆடுதுன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்ன சார் இது! கடல்ல கெடந்தவனுக்குத் தரை ஆடத்தான செய்யும்? நாலு நாள் தோணில இருந்துட்டு வந்தா வீடே ஆடும். அதை யாராச்சும் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூசை கடலுக்குப் போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. தரையில் இருந்தவருக்கு எந்தத் தோணி ஆடுகிறது? அதுவரை அது எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. தள்ளாடி நடக்கிற ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தள்ளாட்டம் எங்கள் கண்ணில் படாது.

ரசமட்டம்

டாக்டர் அன்றைக்கு ஊசியை நிறுத்தினார். எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு மாத்திரை சேர்த்து எழுதினார். பிறகு மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"சூசை, கொத்தனார் ரசமட்டம் வச்சிப் பாப்பார்ல? அது மாதிரி ஒண்ணு நம்ம காதுக்குள்ள இருக்கு. மேல எது, கீழ எதுன்னு அதுதான் சொல்லும். ஊசி அதைக் கெடுத்துட்டு. இப்ப உங்க கண்ணுதான் அந்த வேலையைப் பாக்கு. கண்ணுக்கு வெளிச்சம் இல்லன்னா உங்களுக்கு மேலயும் தெரியாது, கீழயும் தெரியாது."

"சரியாயிரும்லா?"

"சரியாகாதுன்னுதான் படிச்சிருக்கேன். பழகிக்கிடலாம். ஆனா தண்ணிக்குள்ள போகக்கூடாது. கீழ இருட்டு. கலங்கினா அதைவிட இருட்டு. மேல வாரதா நெனச்சு…"

"சார், என் ஸ்பூட்டம் நெகட்டிவ்னு நீங்கதான சொன்னிய?"

"ஆமா."

"மூத்திர டெஸ்ட்டும் சரி?"

"சரிதான்."

"அப்ப எல்லாம் பாஸு. சும்மா சோப்புக் கதையை வச்சிக்கிட்டு சங்குக்குப் போவாதங்கிய."

ரோசம்மாள் புருசனையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு முழுக்கப் போயிருந்தது. டாக்டர் திரும்பவும் சொல்லிப் பார்த்தார், படம் வரைந்து காட்டினார். சூசை அந்தப் படத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சார், நீங்க தேரிக்காட்டு ஆளு. தரையில நான் விழுவேன், ஒத்துக்கிடுதேன். தண்ணி என்னை விழ விடாது. அங்கன வாங்க, காட்டுதேன். அங்கன வச்சி நீங்க சொல்லுங்க, கேக்கேன்."

இடுப்பளவு தண்ணீர்

ஓ.பி. முடிந்ததும் போனோம். மத்தியானம் தாண்டிய நேரம். வள்ளங்கள் மணலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. வலைக்காரர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் இளநீரில் பால் விட்ட நிறம். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கரை மூச்சு விடுவது மாதிரி ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். அந்த நேரத்தில் பயப்படுவதற்கு அங்கே எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். "கயிறு இல்லாம எறங்க விடமாட்டேன். எங்க அப்பா காலத்துல இருந்து மேல வள்ளத்துல ஒரு ஆள் கயிறு பிடிக்காம யாரும் கீழ போனதில்ல."

"இடுப்பளவு தண்ணிக்கா மைனி? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

இடுப்பில் கயிற்றைக் கட்டினோம். மறுமுனை கரையில் நின்ற ரோசம்மாள் கையில். நானும் சூசையோடு தண்ணீரில் இறங்கினேன். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்சட்டையோடு தண்ணீருக்குள் வந்தார். நீச்சல் தெரியாது. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நாரை மாதிரிக் காலை எடுத்து வைத்தார். சூசை அதைப் பார்த்துச் சிரித்தார். டாக்டர் தன் கைக்குட்டையை மடித்துச் சூசையின் கண்ணைச் சுற்றிக் கட்டினார்.

"இது கீழ உள்ள இருட்டு. ஒரு தடவை புரண்டுட்டு மேல வாங்க. அது போதும்."

சூசை மூச்சை இழுத்தார். குனிந்து உள்ளே போனார். ஒரு சத்தமும் இல்லை. அவர் உடம்பு தண்ணீருக்குள் புரள்வது தெரிந்தது, மீன் திரும்புகிற அழகில். அவ்வளவு அழகாக ஒரு மனுசன் திரும்பி நான் பார்த்ததில்லை. மண் கிளம்பியது. தண்ணீர் கலங்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

நாங்கள் காத்து நின்றோம். கலங்கல் பெரிதாகிக்கொண்டே போனது, அடியில் இருந்து மேகம் எழும்புகிற மாதிரி. பிறகு தண்ணீருக்கு மேலே இரண்டு பாதம் வந்தது.

பாதம்தான். மெதுவாக, ஒழுங்காக, நீந்துகிற பாதம். அவசரமே இல்லை அந்தக் காலுக்கு. மேலே ஏறிக்கொண்டிருக்கிற ஆளின் கால் அது. வானத்தைப் பார்த்து அடித்து அடித்துத் தரைக்குள் ஏறிக்கொண்டிருந்தார் சூசை.

"இழுளா!" என்று கத்தினேன். ரோசம்மாள் கயிற்றை இழுத்தாள். டாக்டர் பாய்ந்து விழுந்து அவர் இடுப்பைப் பிடித்தார். அவரும் மூழ்கினார். நான் இரண்டு பேர் தலைமுடியையும் பற்றித் தூக்கினேன்.

சூசை நிமிர்ந்தபோது வாய் நிறைய மண். கைக்குட்டையை நான் அவிழ்த்தேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டி வைத்திருந்தார். இரண்டு கையிலும் கடலடிச் சேறு, விரல் இடுக்கெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தார்.

"மேல வந்துட்டேன்னு நெனச்சேன்" என்றார். "கை வெளிய வந்துட்டு, காத்து படுதுன்னு நெனச்சேன். மெத்துன்னு இருந்துச்சி. இன்னும் கொஞ்சம் ஏறுவோம்னு…"

ரோசம்மாள் கயிற்றை விடாமல் தண்ணீருக்குள் நடந்து வந்து அவரைத் தோளில் பிடித்தாள். நானும் அவளுமாகக் கரைக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் இருமிக்கொண்டே பின்னால் வந்தார்.

சூசை மணலில் உட்கார்ந்தார். கையைக் கழுவவே இல்லை.

"நெஞ்சைக் கொடுத்துட்டுக் கடலை எடுத்துட்டிய சார்."

டாக்டர் அவருக்கு எதிரே ஈர உடுப்போடு உட்கார்ந்தார். "ஆமா" என்றார். வேறு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

ரோசம்மாள்தான் கேட்டாள். "அந்த ஊசி போடாம இருந்திருந்தா?"

"இந்த நேரம் இவரு நம்மகூட இருந்திருக்க மாட்டாரு."

"அப்ப எனக்குக் கணக்கு சரிதான்" என்றாள் அவள்.

கேள்வி

மறுநாளே எங்கள் பிரிவில் கேள்வி மாறியது. "தலை சுத்துதா" என்பதோடு டாக்டர் நிறுத்துவதில்லை. "கண்ணை மூடிட்டு மூஞ்சி கழுவ முடியுதா? எதையாவது பிடிக்க வேண்டியிருக்கா?" என்று கேட்டார். எஸ்.எம். போடுகிற எல்லாரையும் வராந்தாவில் காலை ஒட்டி நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். பக்கத்தில் நின்று பிடிக்கிற வேலை எனக்கு. பிறகு டாக்டர்கள் மாறினார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியைச் சொல்லி, கேட்கவைத்து, அதற்குப் பிறகுதான் ஊசியைக் கையில் கொடுப்பேன். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. நான் அசையமாட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். நோயாளி பொய் சொல்லமாட்டான், ஆனால் தனக்கு வழக்கமானதை நோய் என்று சொல்லத் தெரியாது அவனுக்கு. சுமை தூக்குகிறவனிடம் முதுகு வலிக்கிறதா என்று கேட்டு என்ன பிரயோசனம்? உப்பளத்தில் நிற்கிறவளிடம் கண் கூசுகிறதா என்று கேட்டால் என்ன சொல்வாள்? முதலில் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேளுங்கள். வீட்டு ஆளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சிரிப்பாகச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மருந்து நல்லதுதான். உள்ளே போன பிறகு அது யாரைக் கேட்டு வேலை செய்கிறது?

திங்கட்கிழமை

சூசை கடலுக்குப் போனார்.

ரோசம்மாள் விடியற்காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "போயிட்டாரு மைனி. வள்ளத்துல ஏறிட்டாரு. ஒண்ணுமே சொல்லல. மூஞ்சியைக்கூடப் பாக்கல" என்றாள். நான் அன்றைக்கு வேலைக்குப் போனேன், ஆனால் என் கை மட்டும்தான் வேலை பார்த்தது. ஸ்டெரிலைசரில் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தால் அடியில் இருந்து குமிழி குமிழியாக மேலே வந்துகொண்டிருந்தது. குமிழிக்குக்கூட மேலே எது என்று தெரிகிறது. பார்க்கப் பிடிக்காமல் மூடியை மூடினேன். டாக்டர் ஜன்னலண்டை வந்து வந்து நின்றார்.

சாயங்காலம் வள்ளங்கள் திரும்புகிற நேரத்துக்கு நானும் ரோசம்மாளும் கரையில் நின்றோம். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கியிருந்தது. கடல் முழுவதும் பழைய வெள்ளி நிறம். வள்ளங்கள் தண்ணீரில் வருகின்றனவா வானத்தில் வருகின்றனவா என்று தெரியாதபடி வந்தன. ஒவ்வொன்றாகக் கரையேறியது. குளித்தவர்கள் உடம்பில் உப்புப் பூத்து, முடி சொட்டச் சொட்ட இறங்கினார்கள்.

கடைசியில் சூசையும் இறங்கினார். ஒரு கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து, காலைப் பார்த்துப் பார்த்து வைத்து இறங்கினார். உள்ளங்கை இரண்டும் கயிறு உராய்ந்து சிவந்திருந்தது.

"என்ன மைனி, நீங்களும் இங்கன நிக்கிய? ஊசி கீசி கொண்டாந்துட்டியளா?" என்றார்.

ரோசம்மாள் முன்னால் போனாள். எட்டி அவர் தலையில் கையை வைத்தாள். முடிக்குள் விரலை விட்டு, அடிவரைக்கும் தடவிப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது.